பிறர் மூலமாகவோ

செப்டம்பர் 8, ஞாயிறு

குரூப் ஃபோர் பயிற்சி வகுப்பில் தமிழ் எடுக்கும் சார், தினமும் ஒரு பக்கம் எழுதினால் பிழை தானாகக் குறையும் என்றார். என்ன எழுதுவது என்று யாரோ கேட்டார்கள். "வீட்டுல நடக்கிறதை எழுதுங்க. அதுக்கு யாரும் மார்க் போடப் போறதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கினேன்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அம்மா, அண்ணன் சோலைராஜ், மதினி தங்கமாரி, அவர்கள் மகள் தன்ஷிகா, நான். அப்பா நான் ஆறாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அண்ணன் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். மதினி சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடித்துப் பொட்டலம் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இப்போது மதினியும் தன்ஷிகாவும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அதனால் மூன்று பேர்.

ஐந்து நாளைக்குப் பிறகு இன்று தண்ணீர் வந்தது. பதினெட்டுக் குடம் பிடித்தேன். மாவு ஆட்டினேன். அண்ணன் சட்டையில் கிரீஸ் கறை போகவில்லை. மதினி அதற்கு என்ன போடுவாள் என்று நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை.

என் அறை ஃபேனை ஐந்தில் வைத்தால் லாரி மாதிரி சத்தம் போடும். இப்போதெல்லாம் இரண்டில்தான் வைக்கிறேன். இரண்டே போதுமாக இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைச் சுவரோரத்திலிருந்து எடுத்துக் கழுவி வைத்தேன். விளிம்பு கொஞ்சம் நசுங்கிவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

குழாயடியில் எதிர்வீட்டு மாலாக்கா கேட்டாள். "எங்கத்தா ஒங்க மருமக? ரெண்டு வாரமா ஆளக் காணோம்."

"அவ அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலயாம். பாத்துக்கிடப் போயிருக்கா" என்றாள் அம்மா.

மதினியின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. துட்டிக்கு மாலாக்காவும் எங்களோடு வேனில் வந்திருந்தாள்.

"நல்லாப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள் மாலாக்கா. குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அம்மாவைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸும், சமூக நலத் துறையிலிருந்து ஜெபராணி என்ற மேடமும் வந்தார்கள். அந்த மேடம் பாதுகாப்பு அலுவலராம். மதினி கோர்ட்டில் குடும்ப வன்முறை மனு கொடுத்திருக்கிறாள். விசாரணை முடியும்வரைக்கும் அவளுக்குப் பாதுகாப்பாக இந்த ஆணை, விசாரணை அக்டோபர் 24 என்று மேடம் சொன்னார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான்.

"வாசிச்சுப் பாருங்க. புரியலைன்னா கீழ நம்பர் இருக்கு, கேளுங்க."

"எங்க வீட்டுல பி.எஸ்ஸி. படிச்ச புள்ள இருக்கு" என்றாள் அம்மா.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அண்ணனின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர்கள் போனதும் அண்ணன் தாளை என் முன்னால் போட்டான். எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், ரேஷன் கடைத் தாளானாலும் வண்டி இன்சூரன்ஸானாலும், நான்தான் வாசிக்க வேண்டும். அண்ணன் பத்தாவது படித்தவன், வாசிக்கத் தெரியாதவன் இல்லை. நான் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு வழக்கம்.

நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒன்று, எதிர்மனுதாரர் எந்தக் குடும்ப வன்முறையும் செய்யக் கூடாது. இரண்டு, மனுதாரர் வேலை செய்யும் இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ போகக் கூடாது. மூன்று, நேரிலோ, எழுத்திலோ, தொலைபேசியிலோ தொடர்பு கொள்ள முயலக் கூடாது. நான்கு, அவருடைய நகை, பாத்திரங்களை விற்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"எதிர்மனுதாரர்னா?" என்றாள் அம்மா.

"நாந்தான்" என்றான் அண்ணன்.

கூடத்து ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் இருக்க நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆணையை ஃப்ரிட்ஜ் மேல் விரிப்புக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் தன்ஷிகாவின் கலர் பென்சில் டப்பா.

செப்டம்பர் 26, வியாழன்

பயிற்சித் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. போன மாதம் எழுபத்தாறு.

மதினி இருந்தபோது நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய் வந்து அவளே எல்லாவற்றையும் பார்ப்பாள். நான் எழுந்து போனால், "நீ போய்ப் படி" என்பாள். காலேஜில் சேர முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டியிருந்தபோது, தன்ஷிகாவை வயிற்றில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றவள் அவள்தான். எனக்கு ஆபீஸில் பேசக் கூச்சம்.

மதினி திரும்பி வர வேண்டும் என்று இன்று சாமி கும்பிட்டேன். யாருக்காக என்று எழுதப் போவதில்லை.

அக்டோபர் 3, வியாழன்

அம்மா எனக்குத் தலைவாரிக்கொண்டே பேசினாள். ரொம்ப நாளாக வாரிவிட்டதில்லை.

"ஏ பேச்சி, நீ போய்ப் பேசினா அவ வருவா. ஒம் மேல அவளுக்குப் பிரியம்."

"போகக் கூடாதும்மா. கோர்ட்டு."

"அவந்தான போகக் கூடாது? நீ போகக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கா?"

"இல்ல" என்றேன்.

அண்ணன் வாசலில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது சும்மா மெரட்டுறதுக்குக் குடுக்கிற தாளு. பக்கத்து ஸ்டாண்டு மணிக்குக்கூட வந்துச்சு. இப்பம் சேந்துதான் இருக்காக" என்றான். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நா மாறிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான்" என்றான்.

அக்டோபர் 5, சனி

மதினியைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாள். அவள் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று முழுதாக எழுதவில்லை.

ஐந்தரைக்குக் கம்பெனி விடும். அண்ணன் என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு லோடு இருக்கிறது என்று போனான். நான் கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நின்றேன். மதினி கடைசியாக வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகுதான் கிட்ட வந்தாள்.

"தனியாவா வந்த?"

"ஆமா மதினி."

"சாப்ட்டியா? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. ராத்திரி முழிச்சுப் படிக்காதன்னு சொல்லியிருக்கேன்ல. தண்ணிக்கு நீதான் நிக்கியா?"

நான் தலையாட்டினேன். தூக்குவாளியைத் திறந்தாள். மத்தியானம் மிச்சம் வைத்த கடலை மிட்டாய் ஒன்று இருந்தது. தன்ஷிகாவுக்கு வைத்ததாக இருக்கும். பாதியை ஒடித்துக் கொடுத்தாள். அண்ணன் மாறிவிட்டான் என்று சொன்னேன். மனப்பாடமாகச் சொன்னேன்.

"நீ சொல்றியா, சொல்லச் சொன்னாகளா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அண்ணன் இறங்கி, "ஏறு" என்றான். அவள் நகரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று எழுதினால் அது உண்மைதான். வளையல் உடைந்தது. தூக்குவாளி விழுந்து உருண்டது. உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அவன், "கவர்மெண்டு ரோட்டுல நிக்கேன், எவன் கேப்பான்?" என்றான். ஆனால் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்திருந்தது. யாரோ உள்ளே ஓடிப்போய் அவர்கள் மடிக்கும் துணியிலேயே ஒன்றைக் கொண்டுவந்து சுற்றினார்கள். மதினி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆர்டர வீட்டுல நீதான வாசிச்சிருப்ப?" என்றாள்.

கடலை மிட்டாய் என் கையிலேயே இருந்தது. பஸ்ஸில் தின்றுவிட்டேன். பசித்தது.

அக்டோபர் 9, புதன்

ஜெபராணி மேடம் வந்தார். கம்பெனி வாசலில் நடந்ததை மதினி சொல்லியிருக்கிறாள். அண்ணன், தங்கச்சியைக் கூப்பிடத்தான் போனேன், அங்கே இவள் நின்றாள் என்றான். கதவோரம் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்கண்ணன் அனுப்பி நீங்க போனீங்களா?"

"நானாத்தான் போனேன்."

"அவரு சரியா அந்த நேரத்துக்கு எப்படி அங்க வந்தாரு?"

"தெரியாது."

எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மாள், பி.எஸ்ஸி. என்று போட்டேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது மேடம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "மனு எழுதும்போது மாமியார், நாத்தனார் பேரையும் சேர்க்கலாம்னு நாந்தான் தங்கமாரிகிட்ட சொன்னேன். நாத்தனார் பேரை வேண்டாம்னுட்டா. அந்தப் புள்ள பரிச்சை எழுதுது, கேஸுல பேர் வந்தா வேலைக்கு இடைஞ்சலாயிரும்னா."

ரசம் வைத்தேன். அப்பளம் பொரித்தேன். அண்ணன், "நல்லா இருக்கு பேச்சி" என்றான். அவன் என் சமையலை நல்லா இருக்கு என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

அண்ணன் விடியற்காலையிலிருந்து வண்டியைக் கழுவினான். முகப்பில் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்தான். உள்ளே பலகையில் ஸ்பேனர், ஜாக்கி, அரிவாள்மனை எல்லாம் அடுக்கினான். பீரோவைத் திறந்து என் பட்டச் சான்றிதழை எடுத்து வந்து, பிளாஸ்டிக் உறையோடு நடுவில் வைத்தான். உறையின் ஓரத்தில் பார்த்துப் பார்த்து ஒரு பொட்டு வைத்தான்.

கூட வண்டி ஓட்டும் சிநேகிதனிடம், "எங்க குடும்பத்துலயே பெரிய ஆயுதம் இதுதாம்ல" என்றான். சந்தோசமாகச் சொன்னான். பொய்யில்லை. அப்பா செத்த வருடம் இவன் படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போனான். எனக்கு முதல் செருப்பு, முதல் பேனா எல்லாம் இவன் வாங்கியதுதான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா சூடம் காட்டினாள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். என்னால் பலகையைப் பார்க்க முடியவில்லை.

பொரி தின்றுகொண்டே இந்த நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் 18ஆம் தேதிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஆணையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது இப்படி இருக்கிறது: நேரிலோ, எழுத்திலோ, தொலைபேசியிலோ, பிறர் மூலமாகவோ தொடர்பு கொள்ள முயலக் கூடாது.

அன்று வாசிக்கும்போது அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டேன். கண்ணில் படாமல் இல்லை. அதைப் படித்தால் நானும் போகக் கூடாது என்று ஆகிவிடும். நான் போய்த்தான் மதினியைத் திரும்பக் கூட்டிவர முடியும், வீட்டு வேலை என் தலையிலிருந்து இறங்கும் என்று ஒரு நொடியில் தோன்றியது. குரல்கூட மாறவில்லை. யாரும் மார்க் போடாத இந்த நோட்டில் எழுதும்போதும் விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி மாவட்ட ஆபீஸுக்குப் போனேன். ஜெபராணி மேடம் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போகவிடாமல் யாரும் தடுக்கவில்லை. நான்தான் போகவில்லை. கடைசியில் அவரே டீ குடிக்க வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய் மேடம்" என்றேன்.

உட்கார வைத்தார். ஃபோனை எடுத்துக் கொடுத்தேன். அக்டோபர் 5, மாலை 5.34. அண்ணனுக்கு என் ஃபோனிலிருந்து போன மிஸ்டு கால்.

மதினி வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். தூரத்திலிருந்து பார்க்க மிஸ்டு கால் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவள் கடலை மிட்டாயை ஒடித்துக்கொண்டிருந்தபோது பைக்குள் கை விட்டு அழுத்தினேன். இதை 6ஆம் தேதியும் எழுதவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாங்க ஆணை வாங்கித் தரலாம். ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் நிறுத்த முடியாது. அவன் மீறிட்டான்னு சொல்ல ஆள் வேணும். அப்பத்தான் போலீஸ் கேஸ் எழுதும், கோர்ட்டு நம்பும். தங்கமாரி சொன்னா. நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னீங்க" என்றார். "இப்ப சொல்றதை எழுதித் தருவீங்களா? கோர்ட்டுலயும் கேப்பாங்க. அவங்க வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு. முதல்ல ஏன் பொய் சொன்னேன்னும் கேப்பாங்க."

இரண்டு பக்கம் எழுதினேன். பி.எஸ்ஸி. போடவில்லை.

"இன்னிக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா? தங்கறதுக்கு இடம் இருக்கு."

இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் மதினியிடம் இப்படி ஒரு தடவை கேட்டதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். போகும்போது, "நீயா புள்ள?" என்றான். அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு அண்ணன் ஜாமீனில் வந்தான். வீட்டுக்கு வரவில்லை. வண்டி ஸ்டாண்டு ஷெட்டில் படுத்துக்கொள்கிறான். அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுபோகிறாள். எனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள், ஆனால் போடுவதில்லை. நானே போட்டுச் சாப்பிடுகிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த மாதிரி வழக்கு என்பதால் மற்றவர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். நடுவர் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்குமேல் தள்ளி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மதினி இலவசச் சட்ட உதவி வக்கீல் பக்கத்தில் நின்றாள். மணிக்கட்டில் கட்டு இல்லை, கோடு இருந்தது. தன்ஷிகாவைக் கூட்டி வரவில்லை.

மிஸ்டு கால் பற்றிச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர் இரண்டு தடவை, "சத்தமா சொல்லும்மா" என்றார்.

அண்ணனின் வக்கீல் எழுந்தார். நான் பயந்த மாதிரி இல்லை, மிகவும் மரியாதையாகப் பேசினார். "மனுவுல ஆகஸ்ட் 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானம் அடிச்சதாச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"ஆமா சார். ரூமுல படிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல சார். ஃபேன் அஞ்சுல ஓடிச்சு."

"அவ்வளவுதான் அம்மா" என்று நடுவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் தலை நிமிர்ந்தான். மதினி தரையைப் பார்த்தாள். நான் இறங்கப் போனேன். கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன், பொய் சொல்லவில்லை.

நடுவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த ஃபேன் எப்பவும் அஞ்சுலதான் ஓடுமா?"

"இல்லங்கம்மா. ரெண்டுல."

"அன்னிக்கு ஏன் அஞ்சு?"

அண்ணனைப் பார்க்காமல் சொன்னேன். "வெளிய சத்தம் ஆரம்பிச்சதும் நாந்தான் எந்திரிச்சுப் போயி அஞ்சுல வச்சேன். கேக்கக் கூடாதுன்னு."

"அன்னிக்கு மட்டுமா?"

"இல்லங்கம்மா."

"எத்தனை தடவை இருக்கும்?"

எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. "மதினி கல்யாணமாகி வந்த மறு வருசம்தான் ரூமுக்கு அந்த ஃபேன் வாங்கினோம். அப்பருந்து" என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் மதினி ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கிட்டப் போய், தன்ஷிகாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன்.

"இப்பம் வேண்டாம்" என்றாள். பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி, "படிக்கியா?" என்றாள்.

"இல்ல மதினி."

"படி."

அவள் பஸ் முதலில் வந்தது.

நவம்பர் 6, புதன்

இறுதி ஆணை வந்துவிட்டது. அண்ணனிடம் ஷெட்டில் கொடுத்திருக்கிறார்கள். அவன் அதைச் சோறு கொண்டுபோன அம்மாவிடம் கொடுத்து, "அவகிட்டயே குடு. அவதான வாசிப்பா" என்றானாம்.

அம்மா தாளை என் முன்னால் வைத்தாள். மூன்று வாரத்தில் என்னிடம் முதல் தடவையாகப் பேசினாள். "வாசி."

ஆரம்பித்தேன். அம்மா, "இரு" என்று எழுந்து போய் கூடத்து ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

ஒரு சொல் விடாமல் வாசித்தேன். எதிர்மனுதாரரின் உடன்பிறந்த தங்கை, சம்பவ நேரங்களில் சத்தம் கேட்காமலிருக்கத் தன் அறை மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டதாகச் சாட்சியம் அளித்துள்ளார் என்ற வரியையும் வாசித்தேன். அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கட்டளைகள் முன்னைப் போலத்தான். மூன்றாவதில், நேரிலோ, எழுத்திலோ, தொலைபேசியிலோ, பிறர் மூலமாகவோ.

"அதத் திரும்ப வாசி."

வாசித்தேன்.

"பிறர்னா நம்மளயா?"

"ஆமாம்மா."

"இது மொதத் தாள்லயும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அம்மா எழுந்திருக்கவில்லை. ஃபேனையும் போடவில்லை. எதிர்வீட்டில் மாலாக்கா கரண்டியை வைக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.